ஆறாம் ஹென்றி (புனித உரோமைப் பேரரசர்)

ஆறாம் ஹென்றி (1165 – செப்டம்பர் 28, 1197) ஜெர்மனியின் அரசரும், 1191 முதல் புனித உரோமைப் பேரரசரும், 1194 முதல் சிசிலியின் அரசரும் ஆவார். பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவுக்கும் பர்கண்டியின் பியாட்ரிசுக்கும் நைமேகன் நகரில் பிறந்த இவர், நான்கு வயது நிரம்புமுன்னரே, 1169 இல், ஆகன் நகரில் ஜெர்மானிய அரசராக முடிசூட்டப்பட்டார்.

எர்ஃபுர்ட் விபத்து

1184 ஆம் ஆண்டு சூலை மாதம், போலந்து நோக்கிப் படையுடன் சென்று கொண்டிருந்த ஹென்றி எர்ஃபுர்ட் நகரில் தங்கினார். மைன்சின் பேராயர் கொன்ராடுக்கும் துரிங்கியாவின் ஆட்சியாளர் மூன்றாம் லுட்விக்குக்கும் இடையே முற்றியிருந்த பகையைத் தீர்த்து வைப்பதே நோக்கம். தேவாலயத்தைச் சேர்ந்த கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் பிரபுக்களின் அவை கூடியது. மரத்தளம் கூட்டத்தின் பாரம் தாங்காமல் முறிந்தது. அது விழுந்த வேகத்தில் கீழ்த்தளமும் உடைய, அங்கிருந்தோர் அடியிலிருந்த மலக்குழிக்குள் வீழ்ந்தனர். சிலர் உத்திரங்களின் கீழ் நசுங்கினர்; சிலர் கழிவில் மூழ்கி மூச்சுத் திணறினர். ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். சீகன்ஹைன் கோமகன் கோஸ்மார் உட்படப் பல கோமகன்கள் அவர்களுள் அடங்குவர்.

ஹென்றியும் பேராயரும் கற்சுவரில் அமைந்த சன்னல் மாடத்தில் அமர்ந்திருந்தனர். தளம் விழுந்தும் சுவர் நின்றது; ஏணி வைத்து இருவரும் இறக்கப்பட்டனர். வழக்கின் மறுதரப்பான லுட்விக் குழிக்குள் விழுந்தும் உயிர் பிழைத்தார் என்பது வியப்புக்குரியது.

சிசிலியும் பேரரசும்

விபத்து நடந்து மூன்று மாதங்களில், சிசிலி அரசர் இரண்டாம் வில்லியத்தின் அத்தையான கான்ஸ்டன்சுடன் ஹென்றிக்கு மணம் நிச்சயிக்கப்பட்டது. மணமகள் பதினோரு வயது மூத்தவர். திருமணம் 1186 இல் மிலானில் நடந்தது. 1189 இல் வில்லியம் பிள்ளையின்றி இறந்தபோது, சிசிலிக்கு ஹென்றி உரிமை கோர இம்மணமே அடிப்படையானது.

1190 இல் தந்தை சிலுவைப் போரின் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார். மறு ஆண்டில் ஹென்றி உரோமில் பேரரசராக முடிசூடினார். ஆனால் நேப்பிள்ஸ் முற்றுகை கொள்ளைநோயால் தோல்வியுற்றது, கான்ஸ்டன்சும் சிறைப்பட்டார். இந்நிலையை மாற்றியது இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டு ஆஸ்திரியாவில் பிடிபட்டதாகும். 1193 இல் அவரைத் தம்வசம் பெற்ற ஹென்றி, மீட்புப் பணமாக 1,50,000 மார்க் வெள்ளி கேட்டார். 1,00,000 மார்க் வந்து சேர்ந்ததும் 1194 பெப்ரவரியில் ரிச்சர்டு விடுவிக்கப்பட்டார். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய ஓர் அரசரை விலைபேசியது அக்காலத்திலேயே கண்டிக்கப்பட்டது. எனினும் சிசிலிப் படையெடுப்புக்கு அப்பணமே உதவியது. 1194 திசம்பர் 25 அன்று பலெர்மோவில் ஹென்றி முடிசூடினார். மறுநாள் ஜேசி நகரில் அவர் மகன், பிற்காலப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், பிறந்தார்.

பேரரசைத் தம் குலத்தின் பரம்பரைச் சொத்தாக்க 1196 இல் ஹென்றி எடுத்த முயற்சியைப் பிரபுக்கள் ஏற்கவில்லை. 1197 இல் சிசிலியில் எழுந்த கிளர்ச்சியை மிகக் கொடுமையாக அடக்கினார். அவ்வாண்டே மெசினாவில் காய்ச்சலால் இறந்தார். அவரது உடல் பலெர்மோ பேராலயத்தில் செந்நிறக் கல்லறையில் உள்ளது.