டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

என் ஆயாவுக்குக் கழுத்துல கேன்சர். எளாவூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் தினமும் கரண்ட் வைத்துக்கொண்டார். தோல் கறுத்துப் போச்சு. நான் பயந்தேன். அது கரண்ட் இல்லை, கதிர்வீச்சு என்றார் டீச்சர். அப்போதுதான் முத்துலட்சுமி அம்மையாரைப் பற்றிப் படித்தேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். 1912-ல் டாக்டர் ஆனார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தோடு உழைத்து 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். சில ஆண்டுகளில் கோபால்ட் கதிர்க் கருவியும் வந்தது.

கதிர் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கும். நல்ல செல்லுக்கும் அடிபடும், ஆனால் தேறிவிடும். புற்றுச்செல் அவ்வளவாகத் தேறாது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் வைக்கிறார்கள்.

1968-ல் அம்மையார் மறைந்தார். ஆயா இப்போ கஞ்சி குடிக்கிறார். தோழிகளே, வீட்டில் யாருக்காவது கட்டி வந்தால் மறைக்க விடாதீங்க!