மரச்செதுக்குச் சித்திரர் தோமஸ் பியூவிக்

பறவைகளைப் பற்றிய நூலொன்றை விரிக்கும் மாணாக்கர், எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் அமைந்திருத்தலை இன்று ஒரு புதுமையாகக் கருதுவதில்லை. அவ்வமைப்பைச் செம்மைப்படுத்தி, தம் நாட்டு உயிர்களுக்கு நூல்வடிவு தந்த ஒருவரின் வாழ்க்கையை ஈண்டு நாம் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

வட இங்கிலாந்தின் நோதம்பர்லாந்திலே, தைன் ஆற்றை அடுத்த செரிபேண் என்னும் பண்ணைவீட்டில், 1753 ஆம் ஆண்டு தோமஸ் பியூவிக் பிறந்தார். தந்தையார் குத்தகை நிலத்துக் கமக்காரர். சிறிய நிலக்கரிச் சுரங்கமொன்றையும் நடத்தியவர். சிறுவனுக்கோ இலத்தீன் பாடத்தில் மனஞ் செல்லவில்லை. ஏட்டின் ஓரங்களை நிரப்பிய அவன் சித்திரங்கள், இடம் போதாமையால், ஓவிங்கம் தேவாலயத்துக் கல்லறைக் கற்களிலும் சுண்ணக்கட்டியாற் படர்ந்தன.

பதினான்காம் வயதில், 1767 இல், நியூகாசில் நகரத்துச் செதுக்குத் தொழிலாளர் றல்ப் பீல்பியிடம் ஏழாண்டு தொழில் பழகச் சேர்ந்தார். வெள்ளியிலும் செம்பிலும் கைவந்த ஆசான், மரவேலையை விரும்பாது மாணவனிடம் விட்டார். குறுக்கே அறுத்த பொக்ஸ் மரத்தின் கடினமான முகத்திலே, உலோகம் செதுக்கும் நுண்ணிய உளியால், இறகின் மென்மையையும் காட்டப் பியூவிக் பயின்றார். அக்கட்டை அச்செழுத்தோடு ஒத்த உயரமுடையது. ஆதலின் இரண்டும் ஒருங்கே அச்சேறின. 1776 இல் இலண்டன் சென்றவர், தலைநகர் வாழ்வு ஒவ்வாது மறு ஆண்டே மீண்டு, ஆசானுக்குப் பங்காளியானார்.

1790 இல் வெளிவந்த நாற்கால் விலங்கு வரலாறு பெரும் வரவேற்புப் பெற்றது. ஆயினும், தாம் காணாத அந்நிய விலங்குகளைப் பிறர் படம் பார்த்து வரைந்தவிடத்து உயிர்ப்புக் குன்றிற்று. அடுத்துப் பறவை நூலை மேற்கொண்டார். 1791 இல் வைக்கிளிஃப் என்னுமூரில், பாடஞ்செய்து வைத்த பறவைகளை ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்து வரைந்தார். அவற்றின் நிலையும் உறுப்பமைதியும் இயற்கையோடு பொருந்தாமை கண்டு, அவ்வுழைப்பிற் பெரும்பகுதியை ஒதுக்கி, உயிருள்ளனவற்றையும் புதிதாகச் சுடப்பட்டனவற்றையும் பார்த்து மீண்டும் வரைந்தார். கைப்பொருளை இழத்தல் எளிது. செய்துமுடித்த வேலையைத் தாமே தள்ளுதல் அரிது.

முதற்பாகம் 1797 இல் வெளிவரும் வேளையில், ஆசிரியரெனத் தம் பெயரைப் பொறிக்கப் பீல்பி விரும்பினார். உரையைத் திருத்துவதில் தாமும் உழைத்திருந்த பியூவிக் அதற்கு இசைந்திலர். நண்பர் நடுவிருந்து தீர்க்க, முகப்பிலே படம் செதுக்கியவர் பெயர் மட்டும் நின்றது, பங்காளிகளும் பிரிந்தனர். நீர்ப்பறவைகளைக் கூறும் இரண்டாம் பாகத்தின் உரையை, உளியே பழகிய அக்கை தனித்து எழுதி 1804 இல் முடித்தது. வென்றவருக்கும் அது இலேசான சுமையன்று.

1828 நவம்பர் 8 ஆம் நாள் அவர் காலமானார். இளமையிற் சுண்ணக்கட்டியாற் படம் எழுதிய அதே ஓவிங்கம் தேவாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். ஈராண்டின் பின் அன்னவகையொன்று அவர் பெயராற் குறிக்கப்பெற்றது.

தலைநகரை விட்டுத் தம்மூரில் இருந்தவாறே அவர் உலகறிய உயர்ந்தார். மாணாக்கர் தம் வீட்டு வேலியில் வந்தமரும் குருவியையேனும் ஒருமுறை நேரே நோக்கி எழுதுவாராயின், இச்சிறு கட்டுரை பயன்பெற்றதென நாம் மகிழ்வோம்.