எண்ணெய்க் கிணறுகளை மீட்ட பிரதமர்

குழந்தைகளே! அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் இடையே நிலவும் பகையைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இந்தப் பகையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? முகமது மொசாதெக் என்ற பெரியவரின் வாழ்க்கையைப் படித்தால் உங்களுக்கே புரியும்.

மொசாதெக் 1882-ஆம் ஆண்டு ஈரானின் தலைநகரான டெஹ்ரானில் செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்தார். சுவிட்சர்லாந்து சென்று சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1925-இல் ரேசா கான் என்ற படைத்தலைவர் மன்னராக முயன்றபோது, சபையிலேயே எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். அந்த மன்னரின் ஆட்சியில் பிற்பாடு சிறைக்கும் சென்றார்.

ஈரானில் 1908-இல் பெட்ரோலிய எண்ணெய் கிடைத்தது. அதை எடுத்து விற்கும் உரிமை பிரிட்டன் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. அபாதான் நகரில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்றை அது நடத்தியது. லாபத்தின் பெரும்பகுதி கடல் கடந்து போயிற்று. ஈரானியத் தொழிலாளர்களோ குடிசைகளில் வாடினார்கள்.

நம் மண்ணின் செல்வம் நம் மக்களுக்கே பயன்பட வேண்டும் என்று மொசாதெக் போராடினார். 1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. அடுத்த மாதமே அவர் பிரதமரானார்.

பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. ஈரானின் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. வழக்கும் தொடுத்தது. எழுபது வயதை நெருங்கிய மொசாதெக், உடல் நலமின்றி இருந்தும் நியூயார்க் சென்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் வாதாடினார். பிறகு தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கும் சென்றார். இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1952 ஜூலையில் அந்த நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படித் தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் பிரிட்டன் நாட்டவர் என்பது வியப்பான செய்தி அல்லவா?

ஆனாலும் எண்ணெய் விற்காததால் ஈரானில் பணமுடை ஏற்பட்டது. நண்பர்கள் சிலர் பிரிந்தார்கள். 1953-இல் மொசாதெக் வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஆதரவு, எதிர்ப்பு வாக்குகளுக்குத் தனித்தனி இடங்கள் வைத்ததால் ரகசியம் காக்கப்படவில்லை. சட்டம் படித்தவர் இப்படிச் செய்தது பலருக்கும் பிடிக்கவில்லை.

ஈரான், சோவியத் யூனியன் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று அமெரிக்கா அஞ்சியது. அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் பிரிட்டனின் உளவுத்துறையும் சேர்ந்து சதித் திட்டம் தீட்டின. ஆகஸ்ட் நடுவில் நடந்த முதல் முயற்சி தோற்றது. மன்னர் ஷா நாட்டை விட்டே ஓடினார். ஆனால் ஆகஸ்ட் 19 அன்று பீரங்கி வண்டிகள் மொசாதெக்கின் வீட்டைத் தாக்கின. அவர் சுவர் ஏறிக் குதித்துத் தப்பி, மறுநாள் சரணடைந்தார். ஷா திரும்பி வந்தார். 1954-இல் செய்த புதிய ஒப்பந்தப்படி ஈரானின் எண்ணெய்த் தொழிலில் அமெரிக்க நிறுவனங்களுக்கும் பங்கு கிடைத்தது.

மொசாதெக் மூன்று ஆண்டுகள் சிறையிலிருந்தார். அதன்பின் அகமதாபாத் என்ற கிராமத்தில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, 1967-இல் காலமானார். அந்த வீட்டிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. 1979-இல் புரட்சி வெடித்து ஷா வெளியேறினார். டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். குற்றமற்ற 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாகத் தவித்தார்கள். 1980-இல் இரு நாடுகளின் தூதரக உறவு முறிந்தது. 2025 ஜூனில் அமெரிக்க விமானங்கள் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசும் அளவுக்குப் பகை வளர்ந்துவிட்டது. 1953 சதியில் தனக்குள்ள பங்கை சி.ஐ.ஏ.வின் ஆவணங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதோ 2013-இல்தான். அதற்குள் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன!

குழந்தைகளே, வகுப்பில் இருவர் சண்டையிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு அடி விழுந்த இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். ஈரானியர்கள் 1953-ஐச் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் 1979-ஐச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கே உண்மை விளங்கும். செய்த தவற்றை உரிய காலத்தில் ஒப்புக்கொண்டால், பகை பேரப்பிள்ளைகள் வரை நீளாது.