மூங்கிலில் முளைத்த சிறகு

பொழுது புலருமுன்பே போடிமெட்டுச் சாலையிலும் கம்பம்மெட்டுச் சாலையிலும் ஜீப்புகள் ஏறுகின்றன. உள்ளே, மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள். அந்த ஜீப்புகளை ஓட வைப்பவர் யார்? முதலாளியா? முகூர்த்தம் குறித்துக் கொடுத்த புரோகிதரா? தேனியிலும் கம்பத்திலும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பட்டறையில் குனிந்து நிற்கும் தொழிலாளி, தோழர்களே! எஞ்சினின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் அவருக்கு இந்த நாடு தந்த பெயர் கைவேலைக்காரர். அறிவாளி என்ற பட்டமோ ஏட்டைத் தொட்டவருக்கு மட்டும்! கை வேறு, அறிவு வேறு என்று பிரித்து, கையைக் காலடியில் போட்டு, அறிவுக்குப் பூட்டுப் போட்ட நாடு இது.

அந்தப் பிரிவினை பொய் என்று வானத்திலேயே எழுதிக் காட்டினார் ஒருவர். அவர் பெயர் ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டூமோன்ட். அவர் வாழ்வைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தென் அமெரிக்காவின் பிரேசில் நாட்டில் 1873 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20 ஆம் நாள் பிறந்தவர் அவர். தந்தை பெரிய காப்பித் தோட்ட முதலாளி. ஏழை வீட்டுப் பிள்ளை என்று நாம் கதை கட்ட மாட்டோம். 1888 வரை அடிமை முறையைச் சட்டமே தாங்கி நின்ற நாடு அது. ஆனால், அந்தச் செல்வச் சிறுவன் சாய்வு நாற்காலியைத் தேடவில்லை. காப்பிக் கொட்டையைப் பக்குவப்படுத்தும் இயந்திரங்களைத் தேடிப் போனான். 12 வயதில் தோட்டத்து ரயில் எஞ்சினை ஓட்டினான். தந்தை சொத்தில் பங்கைக் கொடுத்து, பாரிஸ் சென்று இயந்திரக் கலை கற்கச் சொன்னார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே பட்டறையில் படித்துத் தேறினார் அந்த இளைஞர்.

வாயு நிரப்பிய வான்கப்பலில் ஈபிள் கோபுரத்தைச் சுற்றி அரை மணி நேரத்துக்குள் திரும்புவோருக்கு 100,000 பிராங்க் பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 1901 ஆகஸ்டு 8 ஆம் நாள் முயன்றார். வாயுத் திறப்பின் சுருள்வில் ஒன்று தளர்ந்திருந்தது. வாயு கசிந்தது, கப்பல் சுருங்கியது, கட்டடக் கூரையில் மோதிக் கிழிந்தது. தொங்கியவரைத் தீயணைப்புப் படையினர் கயிறு போட்டு மீட்டனர். கிரகம் சரியில்லை என்று சோதிடரிடம் ஓடினாரா? கிடையாது! அன்று மாலையே அடுத்த கப்பலுக்கு ஆணை கொடுத்தார். 22 நாளில் அது தயாராயிற்று. அக்டோபர் 19 இல் கோபுரத்தைச் சுற்றி வந்தார்.

ஆயுத பூசையன்று எந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். பொட்டு வைத்தால் சுருள்வில் இறுகுமா? உடைத்த பூசணி ஓட்டையை அடைக்குமா? சோதிக்கும் கண்ணும் முடுக்கும் கையுமே உயிரைக் காக்கும்.

பரிசுப் பணம் வந்தது. மாளிகை எழுப்பினாரா? தம்மோடு உழைத்த தொழிலாளர்களுக்கும் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். வறுமையால் அடகுக் கடைக்குப் போன தொழிலாளரின் கருவிகள் அந்தப் பணத்தால் மீட்கப்பட்டன. கருவியை அடகு வைப்பவர் தம் கையையே அடகு வைக்கிறார். இதை அறியாத உழைப்பாளி உண்டா?

1903 இல் அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் முதலில் பறந்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே. 1906 அக்டோபர் 23 இல் டூமோன்ட் பாரிசில் மக்கள் கண் முன்னே வானூர்தியில் 60 மீட்டர் பறந்தார். ரைட் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். வழக்கு மன்றம் ஏறினார்கள். டூமோன்ட்டோ காப்புரிமை கேட்கவேயில்லை!

1907 இல் தொடங்கி அவர் உருவாக்கிய சின்னஞ்சிறு வானூர்திக்கு 'டெமுவாசெல்' என்று பெயர். மூன்று மூங்கில் கழிகளே முதுகெலும்பு. பட்டுத் துணியே சிறகு. கம்பிகளே நரம்பு. தலைக்கு மேலே எஞ்சின். சக்கரங்களுக்கு நடுவே இருக்கை. உடம்பைச் சாய்த்தால், சட்டை முதுகோடு இணைத்த நெம்புகோல் சிறகை வளைக்கும். எடை சுமார் 110 கிலோ. ஏறக்குறைய ஒன்றரை நெல் மூட்டை! அதன் வரைபடங்களை உலகுக்கே இலவசமாகத் தந்தார். 1910 இல் அமெரிக்காவின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் அவற்றை வெளியிட்டது. தச்சரும் கொல்லரும் கூடத் தம் கொட்டகையில் சிறகு கட்டலாம் என்ற நிலை பிறந்தது.

அதே 1910 இல் நம் சென்னையிலும், ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர் சிம்சன் பட்டறையில் செய்வித்த வானூர்தியைப் பறக்கவிட்டார். மரத்தை இழைத்தவை, கம்பியை முறுக்கியவை பட்டறைக் கைகள்! ஆனால் புராணப் பிரியர்கள் இன்றும் புஷ்பக விமானம் பேசுகிறார்கள். பண்டை நூல் என்று பரப்பப்பட்ட 'வைமானிக சாஸ்திர'த்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து, அதிலுள்ள விமானங்கள் பறக்கவே மாட்டா என்று 1974 இலேயே சொல்லிவிட்டார்கள். மந்திரம் பறக்கவில்லை, மூங்கில் பறந்தது!

டூமோன்ட்டின் முடிவு சோகமானது. நோய் அவரை 1910 இல் வானிலிருந்து இறக்கியது. உலகப் போரில் வானூர்தி குண்டு வீசக் கண்டு குமுறினார். அதைப் போர்க்கருவி ஆக்காதீர் என்று 1926 இல் உலக நாடுகளின் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். ஏற்பார் இல்லை. 1932 இல் பிரேசிலில் உள்நாட்டுப் போர். சொந்த மக்கள் மீதே விமானங்கள் குண்டு வீசின. அந்த ஜூலை 23 ஆம் நாள், 59 வயதில், நோயும் வேதனையும் வாட்ட, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வானத்தை வென்றவரை மனிதனின் வெறி வென்றுவிட்டது.

தோழர்களே! அறிவைப் பூட்டி வைத்தால் ஆதிக்கம், ஆயுதமாக்கினால் அழிவு, பகிர்ந்து கொடுத்தால் பறக்கும் சிறகு. நம் படிப்பகங்களில் நாளேட்டுக்குப் பக்கத்தில் எந்திர வரைபடமும் தொங்கட்டும். கை தேர்ந்த மெக்கானிக் தோழர்கள் வாரம் ஒரு மாலை அங்கே அமர்ந்து, தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் எஞ்சினைப் பிரித்துக் காட்டட்டும். தொழில் இரகசியம் என்று எதையும் மூடி வைக்க வேண்டாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஒருவர் வயலோடு நின்றுவிட்டால் பள்ளத்தாக்கு பசுமையாகுமா? அறிவும் அப்படியே. மடையைத் திறந்து விடுவோம்!