கொழும்புத்துறைக் கொட்டிலிலே கிடைத்த ஆறுதல்

ஈழத்துச் சித்தர் பரம்பரையிலே கடையிற் சுவாமிகள், செல்லப்பா சுவாமிகள் ஆகியோரின் வழிவந்தவர் தவத்திரு யோகர் சுவாமிகள். 1872 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே அவதரித்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சதாசிவன். பத்து வயது நிறையுமுன்னரே தாயாரை இழந்தார். உறவினர்களின் அரவணைப்பிலே வளர்ந்து, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே கல்வி பயின்றார். பின்னர் கிளிநொச்சியிலே நீர்ப்பாசன வேலைகளில் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றினார். அக்காலத்திலே உத்தியோகம் என்பது எவருக்கும் எளிதிற் கிடைப்பதொன்றல்ல. மாதச் சம்பளமும் மதிப்பும் இருந்தன. ஆயினும் மனம் வேறொன்றைத் தேடியது.

1905 ஆம் ஆண்டளவிலே நல்லூர்த் தேரடியிலே அந்தத் தேடலுக்கு விடை கிடைத்தது. ஊரார் பைத்தியக்காரர் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகளே அவருக்குக் குருவாக வாய்த்தார். உத்தியோகத்தைத் துறந்து குருவின் பின்னே சென்றார். குரு இனிமையாகப் பேசி உபதேசித்தவரல்லர். ஏச்சும் புறக்கணிப்புமே அங்கு பெரும் பாடங்களாயின. எங்கும் எதிலும் தீங்கென்று ஒன்றில்லை என்ற தெளிவை வெயிலிலும் பசியிலும் நின்றே சீடர் பெற வேண்டியிருந்தது. சொகுசான இடத்திலிருந்து கற்ற அமைதியாயின் அது பிறருடைய துன்பத்தின் முன்னே நின்று பிடித்திருக்குமோ என்பது ஐயமே.

பின்பு கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை சென்று மீண்ட சுவாமிகள், கொழும்புத்துறையிலே ஓர் இலுப்பை மரத்தின் கீழ் அமர்ந்தார். மழையும் வெயிலும் அவரை அசைக்கவில்லை. நாளடைவிலே அடியார்களின் வேண்டுதலால் அருகிலிருந்த சிறு கொட்டிலிலே தங்கினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அக்கொட்டிலே யாழ்ப்பாணத்து மக்களின் ஆறுதற் தலமாயிற்று.

அங்கு வந்தவர்கள் எல்லோரும் முத்தி வேண்டி வந்தவர்களல்லர். மகளின் கலியாணம் ஒப்பேறவில்லை, மகன் சோதனையிலே சித்தியடையவில்லை, வீட்டிலே தீராத வருத்தம், இடமாற்றம் கிடைக்கவில்லை என்று வந்தவர்களே அதிகம். சொல்ல முன்னரே சிலருக்கு மறுமொழி கிடைத்தது. சிலரைச் சுவாமிகள் ஏசிக் கலைத்தும் விட்டார். ஏச்சு வாங்கியவர்களும் பாரம் இறங்கியவர்களாகவே திரும்பினார்கள். சிலவேளை ஒன்றும் பேசாமல் இருந்து தேவாரம் பாடச் செய்வார். அடியார் கொண்டுவந்த பழங்கள் அங்கேயே பகிரப்படும். குடும்பத்தை விட்டு ஓட அவர் வழிகாட்டவில்லை. கந்தோரிலும் வயலிலும் வீட்டிலும் செய்யும் வேலையைச் சிவதொண்டாகச் செய்யவே பணித்தார். 1935 இலே தொடங்கிய சிவதொண்டன் இதழும், வண்ணார்பண்ணையிலே 1953 இலே அமைந்த சிவதொண்டன் நிலையமும் இந்நெறியிலே எழுந்தவை. அவ்வப்போது பாடியவற்றை அடியார்கள் எழுதிவைத்தனர். அவையே நற்சிந்தனை என்னும் நூலாயின.

சுவாமிகளையும் சரீர வேதனை விட்டுவைக்கவில்லை. 1961 இலே, எண்பத்தொன்பது வயதளவில், தாம் அன்போடு வளர்த்த வள்ளி என்னும் பசுவைப் பராமரிக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கிலே வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. ஊரெல்லாம் கால்நடையாகத் திரிந்தவர் அதன்பின் சக்கர நாற்காலியிலேயே இருந்தார். ஆறுதல் தேடி வருபவர்கள் அப்போதும் வந்துகொண்டேயிருந்தனர். 1964 பங்குனி மாதத்திலே சுவாமிகள் மகாசமாதியடைந்தார்.