வேலைக்கு நடுவே இதயத்தைத் தேடியவர்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! உங்களில் தி.நகரில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. அடையாறிலிருந்து ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளுக்குப் போய் வருபவர்களும் உண்டு. ஃபஜ்ர் தொழுது கிளம்பினால் இஷாவுக்குப் பிறகுதான் வீடு. சம்பளம் இருக்கிறது, நிம்மதி இல்லையே ஹஜ்ரத் என்று சொல்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். உங்களுக்காகவே இன்று ஒரு மாமேதையின் வாழ்வைச் சொல்கிறேன்.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) ஈரானின் தூஸ் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). சிறு வயதிலேயே தந்தை வஃபாத்தாகிவிட்டார். அவர் விட்டுச் சென்ற சொற்பக் காசும் தீர்ந்ததும், மதரஸாவில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்குமே என்றுதான் அண்ணன், தம்பி இருவரும் ஓதச் சேர்ந்தார்கள். பிறகு நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கற்றுத் தேறினார்கள். கி.பி. 1091-ல், முப்பத்து மூன்று வயதில், பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியர்! மந்திரிகளின் மரியாதை, எதிரே 300 மாணவர்கள்.

அந்த உச்சியில் நின்றுகொண்டுதான் தன் நெஞ்சிடம் கேட்டார்கள்: நான் கற்றுக்கொடுப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா? பெயருக்காகத்தான் என்று நெஞ்சு சாட்சி சொன்னது. விட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஏறக்குறைய ஆறு மாதப் போராட்டம். கி.பி. 1095-ல் பாடம் நடத்த நாக்கு எழவில்லை. உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள், நோய் உள்ளத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கைவிட்டார்கள்.

சகோதரர்களே, இங்கே கவனியுங்கள். அவர்கள் செய்தது ஹராமான தொழில் அல்ல, மார்க்கக் கல்வி! அதிலும் நிய்யத் கெட்டுப்போகலாம். இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பயான் முடிந்து வீட்டுக்குப் போனதும், அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனை எடுத்துப் பார்க்கும் எனக்கும்தான் சொல்கிறேன்.

இமாமவர்கள் பதவியைத் துறந்தார்கள். பிள்ளைகளின் செலவுக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, மீதியைத் தர்மம் செய்துவிட்டுக் கிளம்பினார்கள். குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது தக்வா அல்ல. திமிஷ்கில் உமய்யா பள்ளியின் மினாராவில் கதவை அடைத்துக்கொண்டு தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள், ஹஜ் செய்தார்கள். பிறகு பிள்ளைகளின் நினைவு இழுக்கவே ஊர் திரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் பிறந்ததுதான் இஹ்யா உலூமித்தீன். தொழுகை, நோன்பு மட்டுமா அதில் இருக்கிறது? நாற்பது பாடங்களில் ஒன்று சம்பாத்தியத்தைப் பற்றியது. வியாபாரி நல்ல நிய்யத்தோடு கடை திறக்க வேண்டும். உலகச் சந்தை, மறுமையின் சந்தையாகிய பள்ளிவாசலை மறக்கடித்துவிடக் கூடாது. சந்தைக்குள் முதல் ஆளாக நுழைந்து, கடைசி ஆளாக வெளியேறும் பேராசையும் கூடாது என்று எழுதினார்கள். ரங்கநாதன் தெருவில் ஷட்டர் இறக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்!

கி.பி. 1106-ல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். அதே வேலைதான், நிய்யத் வேறு. கடைசியில் தூஸில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மதரஸா. குர்ஆன், நல்லோர் சகவாசம், பாடம் என்று நேரத்தைப் பங்கிட்டு வாழ்ந்தார்கள். கி.பி. 1111-ல், ஒரு திங்கட்கிழமை காலையில் உளூ செய்து தொழுதுவிட்டு, கஃபனைக் கேட்டு வாங்கி, கிப்லாவை நோக்கிப் படுத்து வஃபாத்தானார்கள்.

நீங்கள் வேலையை விட வேண்டியதில்லை. நாளைக் காலை கிளம்பும்போது, யாருக்காகப் போகிறேன் என்று ஒரு நிமிடம் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மஃரிபுக்கு வீட்டருகே உள்ள பள்ளிக்கு வாருங்கள். பிறகு போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருங்கள். மினாராவில் தனித்திருந்த இமாமையே அவர்கள்தான் திரும்ப அழைத்தார்கள்.

அல்லாஹ் நம் ரிஸ்கில் பரக்கத்தையும், உள்ளத்தில் இக்லாஸையும், வீட்டில் நிம்மதியையும் தருவானாக! ஆமீன்.