எலும்புகள் உரைத்த வரலாறு

நுழையும்முன்

ஓர் உயிரினம் இவ்வுலகை விட்டு முற்றாக மறைந்துபோகக்கூடும் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அறிஞர் பலரும் அதனை ஏற்கத் தயங்கினர். எலும்புகளையே சான்றாகக் கொண்டு அவ்வுண்மையை நிலைநாட்டியவர் பிரெஞ்சுத் தொல்லுயிரியல் அறிஞர் ஜார்ஜ் குவியே.

இளமையும் கல்வியும்

குவியே 1769ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மோன்பெலியார் என்னும் ஊரில் பிறந்தார். இன்று பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள அவ்வூர், அன்று ஜெர்மானிய வூர்ட்டம்பர்க் அரசுக்கு உரியதாக இருந்தது. இயற்கை வரலாற்று நூல்களில் உள்ள விலங்குப் படங்களைப் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டுவது சிறுவயதில் அவருக்குப் பெருவிருப்பமாக இருந்தது. ஸ்டுட்கார்ட் நகரில் உயர்கல்வி முடித்த அவர், 1788இல் நார்மண்டியில் ஒரு செல்வர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். மறு ஆண்டு மூண்ட புரட்சியால் பாரிஸ் கொந்தளித்தது. குவியேயோ கடற்கரையில் கிடைத்த மீன்களையும் மெல்லுடலிகளையும் அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வாய்வுகளின் சிறப்பை உணர்ந்த அறிஞர்கள் அழைக்கவே, 1795இல் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியேற்றார்.

மறைந்துபோன யானை

ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் யானை எலும்புகளை ஒத்த பேரெலும்புகள் மண்ணிலிருந்து கிடைத்து வந்தன. படையெடுத்து வந்தோர் கொணர்ந்த யானைகளின் எலும்புகள் அவை என்றனர் சிலர். மனிதர் காணாத நிலப்பகுதிகளில் அவ்விலங்குகள் இன்றும் வாழக்கூடும் என்றனர் வேறு சிலர். குவியே இந்திய யானை, ஆப்பிரிக்க யானை, புதைபடிவ யானை ஆகியவற்றின் தாடைகளையும் பற்களையும் ஒப்பிட்டார். மூன்றும் வெவ்வேறு இனங்கள் என்றும், மூன்றாவதாகிய மம்மத் இன்று எங்கும் இல்லை என்றும் 1796இல் அறிவித்தார். அத்துணைப் பெரிய விலங்கு உயிருடன் இருப்பின் மனிதர் கண்ணுக்குத் தப்பியிருக்க இயலாது. இனங்கள் அற்றுப்போதல் என்னும் கருத்து இவ்வாறு அறிவியலில் வேரூன்றியது.

பல்லும் எலும்பும்

உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது குவியேயின் கொள்கை. ஊனுண்ணும் விலங்குக்குச் சதையைக் கிழிக்கும் பற்கள் வேண்டும். அவற்றை இயக்க வலிய தாடை வேண்டும். இரையைப் பற்றக் கூரிய நகங்கள் வேண்டும். எனவே, ஓர் உறுப்பைக் கொண்டு பிறவற்றைக் கணிக்கலாம் என அவர் கருதினார்.

இக்கொள்கைக்கு ஒரு சோதனை வாய்த்தது. பாரிசின் மோன்மார்த்ர் ஜிப்சம் பாறையில் சிறு விலங்கு ஒன்றின் படிவம் கிடைத்தது. அதன் பற்களைக் கண்ட குவியே, குட்டியைப் பையில் சுமக்கும் அமெரிக்க ஒபோசம் வகையைச் சேர்ந்தது என்று கணித்தார். அவ்வாறாயின், இடுப்பின் முன்புறம் இரு சிற்றெலும்புகள் கல்லுக்குள் புதைந்திருக்க வேண்டும். கணிப்பை முன்னரே கூறிவிட்டு, பிறர் பார்த்திருக்கக் கல்லைச் சுரண்டினார். எலும்புகள் இரண்டும் வெளிப்பட்டன.

1811இல் புரோங்னியாருடன் இணைந்து பாரிஸ் வட்டாரப் பாறையடுக்குகளை விளக்கினார். கடல்வாழ் உயிரினப் படிவங்களும் நன்னீர் உயிரினப் படிவங்களும் அவ்வடுக்குகளில் மாறிமாறி அமைந்திருந்தன. புதைபடிவ எலும்புகள் குறித்த அவரது பெருநூல் 1812இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது.

தெரிந்து தெளிவோம்

குவியேயின் மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஆல்ஃபிரெட் துவோசெல், இந்தியாவில் விலங்குகளைச் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பினார். 1824இல் சென்னையில் மறைந்தார். இந்தியச் சதுப்புநில மானின் அறிவியல் பெயரில் குவியே அவர் பெயரைப் பொறித்துள்ளார்.

அறிவின் எல்லை

இனங்கள் அழியும் என்று காட்டிய குவியே, அவை மாறும் என்பதை ஏற்கவில்லை. எகிப்திலிருந்து வந்த பதப்படுத்தப்பட்ட பறவை உடல்களை இன்றைய பறவைகளுடன் ஒப்பிட்டு, மாற்றம் இல்லை எனக் கண்டு, லாமார்க்கின் கருத்தை மறுத்தார். உயிரின மாற்றத்திற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் மிகக் குறுகிய காலம் என்பதை அவர் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கப் பெண் சாரா பார்ட்மன் பாரிசில் மறைந்தபின் அவரது உடலை அறுத்து ஆய்ந்து, மனித இனங்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பித்தார். அப்பெண்ணின் எச்சங்கள் 2002இல்தான் தாய்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. எலும்புகளை ஆராய்வதில் ஈடற்ற அவரது நுண்ணறிவு, தம் காலத்தின் இனச்செருக்கைக் கடக்கத் தவறியது.

நிலைத்த பணி

தம் மக்கள் நால்வரையும் அடுத்தடுத்து இழந்த துயரிலும் குவியே ஆய்வைக் கைவிடவில்லை. 1832ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பாரிசில் மறைந்தார். அவர் மறுத்த உயிரின மாற்றத்திற்கு, அவர் வகுத்த ஒப்பீட்டு முறையும் அவர் மீட்ட புதைபடிவங்களுமே பின்னாளில் சான்றுகளாயின. அழிந்த இனம் மீண்டும் வருவதில்லை. வாழும் இனங்களைக் காக்க இன்று உலகம் எடுக்கும் முயற்சிகள் யாவும், குவியே எலும்புகளில் கண்ட அவ்வுண்மையிலிருந்தே தொடங்குகின்றன.